அம்மா விட்ட சரணம்



சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஒன்று என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. எழுதியவர் இரண்டு பிள்ளைகளின் தாய். கடிதத்தில் ஒரு பகுதியை அப்படியே தருகிறேன்.

"அக்கா, எங்கட அப்பா சேர்த்து வைத்த பாட்டுக் கசற்றுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. எல்லாம் இடம்பெயர்வில் போய்விட்டன. இப்ப அதுகளைத் திரும்பச் சேர்க்க ஆசையாகக் கிடக்கு. ஆனால் கடனும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் தலைக்கு மேல் இருக்கும்போது பாட்டுக்கு மினைக்கெடுகிறது பிழையோ என்று மனம் உறுத்துது. எங்கே தொடங்குகிறது என்றும் தெரியவில்லை."

இந்தச் சகோதரிக்குப் பதில் எழுத எனக்கு ஒரு தகுதி உண்டு. எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி இருந்தது. அதுவும் போனது. அதைத் திரும்பச் சேர்க்கத் தொடங்கி இருபது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. இன்னும் முடியவில்லை. அந்தக் கதையைச் சொன்னால் அதற்குள்ளேயே பதிலும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீடு கோண்டாவிலில். அப்பா தபால் கந்தோரில் எழுதுவினைஞர். சம்பளம் பெரிதில்லை. வெற்றிலை, சுருட்டு, படம் என்று வேறு செலவும் இல்லை. மாதத்தில் ஒருமுறை யாழ்ப்பாண நகரத்துக்குப் போய் ஒரு கசற் வாங்கி வருவார். எல்லாம் பாபநாசம் சிவன் பாட்டுகள். கடையில் அகப்படாததைத் திருச்சி வானொலியில் காத்திருந்து பதிவு செய்வார். அந்த நேரம் வீட்டில் ஒருவரும் இருமவும் கூடாது! ஒவ்வொரு கசற்றின் முதுகிலும் தன் முத்து முத்தான எழுத்தில் 'சிவன் 1', 'சிவன் 2' என்று இலக்கமிட்டு ஒரு றங்குப்பெட்டிக்குள் அடுக்கி வைப்பார். நான் கடைசியாக எண்ணியபோது நாற்பத்தொன்று இருந்தன.

1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பற்றறியும் வரவிடவில்லை. அந்த நாட்களை வாழ்ந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தேய்ந்த பற்றறிகளை வெயிலில் காயவைத்துத் திரும்பப் போட்டோம். அதுவும் செத்தபிறகு சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் இருந்து வயர் எடுத்து, தம்பி பெடலைக் கையால் சுற்றச் சுற்றப் பாட்டுக் கேட்டோம். தம்பி களைத்தால் கசற்றும் களைக்கும். பட்டம்மாளின் குரல் மெல்ல மெல்ல இறங்கி ஆம்பிளைக் குரலாகிவிடும். "டேய், சுத்தடா!" என்று அப்பா கத்த, குரல் திரும்ப ஏறும். சிரித்துச் சிரித்து வயிறு நோகும். வெளியில் ஷெல் விழுந்த நாட்களிலும் அப்படிச் சிரித்திருக்கிறோம்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்டபோது நாங்களும் வெளிக்கிட்டோம். மழை. நாவற்குழிப் பாலத்தில் அடி மேல் அடி வைத்து நகர்ந்த அந்தச் சனத்துக்குள் றங்குப்பெட்டியைக் காவ முடியுமா? அப்பா அதற்கு இரண்டு வருடம் முன்பே காலமாகிவிட்டார். அம்மா பெட்டியைத் திறந்து பார்த்தா. பிறகு மூடி, மேலே ஒரு சாக்கைப் போட்டுவிட்டு, "வா பிள்ளை, திரும்பி வந்து எடுக்கலாம்" என்றா. நாங்கள் எடுத்துப் போனது அரிசியும் அடையாள அட்டைகளும் மாற்று உடுப்பும்தான்.

சாவகச்சேரி, கிளாலி, வன்னி என்று போனோம். 1997இல் வன்னியில் காய்ச்சல் அம்மாவைக் கொண்டுபோனது. 2002இல் ஏ-9 வீதி திறந்தபிறகு நான் மட்டும் வீட்டைப் பார்க்க வந்தேன். கூரை இல்லை, கதவு நிலைகள் இல்லை. முற்றத்தில் ஆளுயரப் பற்றை. பெட்டி இருந்த மூலையில் கசற்றின் வெற்று உறை ஒன்று மண்ணோடு கிடந்தது. முதுகில் 'சிவன் 7' என்று அப்பாவின் எழுத்து. மழைநீர் ஊறியும் அழியவில்லை.

வேறு எந்த உறை கிடைத்திருந்தாலும் நான் இவ்வளவு அழுதிருக்கமாட்டேன். சிவன் 7இன் கடைசியில்தான் அம்மாவின் குரல் இருந்தது.

அம்மாவின் பாட்டு

அம்மா முறையாகச் சங்கீதம் படித்தவ இல்லை. சிறுவயதில் அவவின் பெரியம்மா வீட்டில் சாவி கொடுத்துச் சுற்றும் கிராமபோன் ஒன்று இருந்ததாம். பாட்டுகளை அதில் கேட்டுத்தான் பாடம். அம்பாள் மேல் சிவன் பாடிய ஒரு பாட்டை அம்மா நன்றாகப் பாடுவா. அது எந்தப் பாட்டு என்று நான் சொல்லவில்லை. உங்கள் உங்கள் அம்மா பாடிய பாட்டை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது சங்கீதம் படிக்க ஒரு ரீச்சரிடம் விட்டார்கள். ஒரு நவராத்திரி நாள் எங்கள் வீட்டில் அம்மா அந்தப் பாட்டைப் பாடினா. ரீச்சரும் இருந்தா. பாட்டு முடிந்ததும், "நல்ல குரல். ஆனால் இதுக்கு மூன்று சரணம் இருக்கு. உங்களுக்கு முதல் இரண்டும் மறந்துபோச்சுப் போல" என்றா. அவ கெடுதலாகச் சொல்லவில்லை. ஆனால் நாலு பேர் முன்னால் சொன்னா. அம்மா சிரித்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டா. எனக்கோ வெட்கமாகப் போய்விட்டது. சில நாட்களுக்குப் பிறகு நானே என் கொப்பியைக் கொண்டுபோய், "அம்மா, நீங்கள் பிழையாப் பாடுறீங்கள். இதுதான் முழுப்பாட்டு" என்று காட்டினேன்.

அம்மா கொப்பியை வாங்கிப் பார்த்தா. "நான் படிச்சது இவ்வளவுதான் பிள்ளை" என்றா. அதற்குப் பிறகு ஆட்களுக்கு முன்னால் அவ பாடவே இல்லை. குசினிக்குள், அம்மியடியில், தனக்கு மட்டும் பாடுவா. 1984இல் ஒருநாள் அப்பா குசினிக் கதவுக்குப் பின்னால் றேடியோவை வைத்து, அம்மாவுக்குத் தெரியாமல் அதைப் பதிவு செய்தார். சிவன் 7இல் மிஞ்சியிருந்த மூன்று நிமிட இடத்தில் அது இருந்தது. தேங்காய் துருவும் சத்தமும் சேர்ந்திருக்கும்.

அந்தக் குரல் திரும்பி வராது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பாட்டை எப்படியாவது தேடிப்பிடிக்க வேண்டும் என்று அன்று அந்த வெற்று உறையைக் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுத்தேன். என் சேகரிப்பு அப்படித்தான் தொடங்கியது.

யார் இந்தச் சிவன்?

இளைய சகோதரிகளுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாபநாசம் சிவன் 1890 செப்ரெம்பர் 26இல் தஞ்சாவூர்ப் பக்கம் போலகம் என்ற கிராமத்தில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ராமையா. ஏழு வயதில் தகப்பன் போய்விட்டார். தாய் யோகாம்பாள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, பிழைப்புத் தேடித் திருவனந்தபுரம் போனார். கணவனை இழந்த ஒரு பெண், கையில் பிள்ளைகளோடு ஊர்விட்டு ஊர் போய் அவர்களை ஆளாக்கினார் என்றால் அந்தக் கஷ்டம் எப்படிப்பட்டது என்று நமக்கு விளங்கும்.

1910இல் தாயும் இறந்தபின் ராமையா கோயில் கோயிலாக அலைந்தார். தமையன் இருந்த பாபநாசத்துக்கு வந்துபோகும்போது, மேலெல்லாம் திருநீறு பூசிப் பாடிக்கொண்டு திரிந்த அவரைச் சனங்கள் 'சிவன்' என்று அழைத்தார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. 1930இல் சென்னைக்குக் குடிவந்தார். மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதிகளில் மார்கழி விடியற்காலைகளில் பஜனை பாடிக்கொண்டு போவார். நம் ஊரில் மார்கழி விடியலில் சங்கும் சேமக்கலமுமாகத் திருவெம்பாவை பாடிப் போனது நினைவிருக்கிறதல்லவா? அதைப் போலத்தான்.

பெரிய வித்துவான்களுக்கு மட்டும் விளங்கும் பாட்டுகளை அவர் செய்யவில்லை. எளிய தமிழ், நல்ல ராகம். அதனால்தான் அவரைத் 'தமிழ்த் தியாகையர்' என்றார்கள். சினிமாவுக்கும் எழுதினார். 1937இல் வந்த 'அம்பிகாபதி', 'சிந்தாமணி', 1943இல் 'சிவகவி', 1944இல் 'ஹரிதாஸ்' என்று எம்.கே. தியாகராஜ பாகவதர் பாடிப் புகழ்பெற்ற பாட்டுகளில் பெரும்பகுதி சிவன் எழுதியவை. 1971இல் சென்னை மியூசிக் அக்கடமி 'சங்கீத கலாநிதி' பட்டம் கொடுத்தது. 1972இல் இந்திய அரசு பத்மபூஷண் கொடுத்தது. 1973 ஒக்ரோபர் 1இல் காலமானார்.

இன்னொன்றும் உண்டு. 1939இல் வந்த 'தியாகபூமி' படத்தில் சம்பு சாஸ்திரி என்ற தகப்பனாக நடித்தவர் சிவனே. கணவனால் ஒதுக்கப்பட்ட மகள் சாவித்திரி சொந்தக்காலில் நின்று உயர்ந்தபின், திரும்பி வந்து உரிமை கேட்கும் கணவனோடு வாழ மறுக்கிறாள். அந்தக் காலத்தில் எவ்வளவு துணிந்த கதை! சுதந்திரப் போராட்டத்தைப் பேசியதால் பிரித்தானிய அரசு அந்தப் படத்தைத் தடைசெய்தது. இசையமைத்தவரின் குரலைக் கேட்க வேண்டும் என்றால் அந்தப் படம் ஒரு வழி.

எப்படிச் சேர்ப்பது?

நான் தொடங்கியபோது பெரிய பிழை ஒன்று விட்டேன். அப்பாவின் நாற்பத்தொன்றையும் அப்படியே திரும்ப வாங்க நினைத்தேன். கொழும்புக்குப் போகும் ஆட்களிடம் காசு கொடுத்துவிட்டேன். 'பாபநாசம் சிவன்' என்று அட்டையில் போட்டதெல்லாம் வந்து சேர்ந்தன. ஒரே பாட்டு ஏழு கசற்றில் இருந்தது. தேடியது ஒன்றிலும் இல்லை. ஆகவே என் அனுபவத்தில் சொல்கிறேன், பெட்டியை நிரப்பத் தொடங்க வேண்டாம். ஒரு பாட்டில் தொடங்குங்கள். உங்களுக்கு மிகவும் வேண்டிய பாட்டு எதுவோ அது. அதையே மூன்று நான்கு பேர் பாடிக் கேளுங்கள்.

சிவன் பாட்டு என்றால் கேட்க வேண்டியவர்கள் சிலர் உண்டு. டி.கே. பட்டம்மாள் சிவனிடமே பாட்டுகளைப் பாடம் பண்ணியவர். அவருடைய தம்பி டி.கே. ஜெயராமனும் அப்படியே. பட்டம்மாள் பாடினால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் காதில் விழும். எழுதிப் பழக விரும்புவோருக்கு அவருடைய பதிவுகளே நல்லவை. எம்.எஸ். சுப்புலட்சுமி, எம்.எல். வசந்தகுமாரி, மதுரை மணி ஐயர் ஆகியோரும் சிவன் பாட்டுகளைப் பாடிப் பரப்பினார்கள். மகாராஜபுரம் சந்தானத்தையும் விட்டுவிடக் கூடாது. அவர் மருதனார்மடத்தில் இராமநாதன் இசைக் கல்லூரியின் அதிபராக இருந்தவர். அவரை நேரில் கேட்டவர்கள் நம் ஊரில் இன்றும் இருக்கிறார்கள்.

இரண்டாவது, அட்டையில் உள்ளதை அப்படியே நம்பாதீர்கள். சிவன் என்ற பெயரில் இன்னொரு பெரியவர் இருந்தார். அவர் நீலகண்ட சிவன். 'ஆனந்த நடமாடுவார் தில்லை' என்ற பூர்விகல்யாணிப் பாட்டு அவருடையது. அதைப் பாபநாசம் சிவன் பாட்டென்று நினைப்பவர் பலர். பெரியசாமித் தூரனின் பாட்டுகளும் இப்படிக் கலந்துவிடுவதுண்டு. கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பாபநாசம் சிவன் பல கீர்த்தனைகளின் கடைசிச் சரணத்தில் 'ராமதாசன்' என்று தன் முத்திரையை வைத்திருப்பார். அதைக் காது கொடுத்துக் கேளுங்கள். எல்லாப் பாட்டிலும் இராது, சினிமாப் பாட்டில் தேடவே வேண்டாம். ஆனால் இருந்தால் சந்தேகமில்லை.

மூன்றாவது, ஒரு கொப்பி வையுங்கள். பாட்டின் தொடக்கம், ராகம், பாடியவர், எவ்வளவு நேரம், யாரிடம் இருந்து கிடைத்தது, எந்தத் திகதியில் என்று ஆறு விடயம் எழுதினால் போதும். பொருள் போனாலும் கொப்பி மிஞ்சினால் எதைத் தேட வேண்டும் என்றாவது தெரியும். அப்பா ஒரு கொப்பி எழுதியிருந்தால் எனக்குப் பத்து வருட அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

நான்காவது, முதலில் அயலில் கேளுங்கள். என் சேகரிப்பில் அரைவாசி காசு கொடுத்து வாங்கியதல்ல. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கோயில் ஒலிபெருக்கி வைத்திருந்தவர்கள், வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள வயதானவர்கள் என்று பலருடைய அலுமாரிகளில் பழைய கசற்றுகள் கிடக்கும். 'இதை யார் இனிக் கேட்கப்போகினம்' என்று எறியப் பார்ப்பார்கள். கேட்டால் மகிழ்ச்சியோடு தருவார்கள். கூடவே ஒரு தேநீரும் ஒரு கதையும் கிடைக்கும். தனியே இருக்கும் சகோதரிகளுக்கு அந்தத் தேநீரும் கதையும் பாட்டைவிடப் பெரிய ஆறுதல் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்.

பழைய கசற் கிடைத்தால்

உடனே போட்டுப் பார்க்காதீர்கள். நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம் படிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். படிந்திருந்தால் வேறாக எடுத்து வையுங்கள், அது இயந்திரத்தையும் கெடுத்து மற்றக் கசற்றுகளுக்கும் தொற்றும். நல்லதாக இருந்தால் சில்லுக்குள் பென்சிலைச் செருகிக் கொஞ்சம் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் மெல்ல இளகும். இயந்திரத்தின் ஹெட்டைப் பஞ்சில் ஸ்பிரிற் தொட்டுத் துடைத்துக் காயவிட்டபின் போடுங்கள். கசற்றின் மேல் விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்ரிக் துண்டுகளையும் உடைத்துவிட்டால் தவறுதலாக அதன்மேல் வேறு எதுவும் பதிவாகாது.

பிறகு அதைக் கணினிக்கு மாற்றுங்கள். இயந்திரத்தில் காதொலிக் கருவி குத்தும் துவாரத்தில் இருந்து ஒரு வயர் கணினிக்குக் கொடுத்தால் போதும். தொடர்பு நிலையங்களில் அல்லது படிக்கிற பிள்ளைகளிடம் கேட்டால் செய்து தருவார்கள். எம்.பி. 3 முறையில் சாதாரணமாக ஒரு நிமிடப் பாட்டு ஏறக்குறைய ஒரு மெகாபைற் இடம் பிடிக்கும். ஐந்து நிமிடப் பாட்டுகள் என்றால் ஒரு ஜிகாபைற்றில் இருநூறு அடங்கும். அப்பாவின் றங்குப்பெட்டி முழுவதும் இன்று நகத்தளவு மெமரி கார்ட்டுக்குள் அடங்கிவிடும்! அதைக் காவிக்கொண்டு எந்தப் பாலத்தையும் கடக்கலாம்.

ஆனால் நகத்தளவுப் பொருள் நகத்தளவு கவலையீனத்தில் தொலைந்தும் போகும். ஆகவே ஒன்றை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். உங்களிடம் ஒன்று, இன்னொரு வீட்டில் ஒன்று, முடிந்தால் வேறு ஊரில் ஒன்று. நான் சேர்த்தது எல்லாம் இப்போது மூன்று வீடுகளில் இருக்கிறது. அப்பா பெட்டியைப் பூட்டி வைத்துக் காப்பாற்றினார். ஒருவருக்கும் இரவல் கொடுக்கமாட்டார். அவர் அன்றைக்கு யாருக்காவது சிவன் 7ஐப் பிரதி எடுக்கக் கொடுத்திருந்தால் அது இன்று உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் இருந்திருக்கும். அப்பாவில் எனக்குக் குறையில்லை. இழந்தபிறகு நான் படித்த பாடம் அது.

மூன்று நிமிடம்

இனி அம்மாவின் பாட்டுக்கு வருகிறேன். அந்தப் பாட்டின் பல பதிவுகள் எனக்குக் கிடைத்தன. எல்லாவற்றிலும் மூன்று சரணம் அல்லது இரண்டு சரணம். கேட்கும்போதெல்லாம் அந்த நவராத்திரி நினைவு வரும். அம்மா மறந்துதான் போயிருக்கிறா என்று நானும் நம்பியிருந்தேன்.

2013இல் கொழும்பில் என் பெறாமகள் வீட்டில் நின்றபோது, அவள் தன் கைத்தொலைபேசியில் பழைய இசைத்தட்டுகளைத் தேடித் தந்தாள். யாரோ ஒரு சேகரிப்பாளர் தன்னிடம் இருந்த 78 சுற்று இசைத்தட்டுகளை மாற்றிப் போட்டிருந்தார். அதில் அந்தப் பாட்டு இருந்தது. கரகர என்ற இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண் குரல். பல்லவி, அனுபல்லவி, பிறகு நேரே கடைசிச் சரணம். முடிந்துவிட்டது.

நான் திரும்பப் போடச் சொன்னேன். திரும்பவும் அதேதான். அம்மா மூச்சு வாங்கும் இடத்தில் அந்தக் குரலும் மூச்சு வாங்கியது. அம்மா ஒரு சொல்லை இழுக்கும் இடத்தில் அதுவும் இழுத்தது.

அந்தக் காலத்து அரக்கு இசைத்தட்டு நிமிடத்துக்கு 78 தரம் சுற்றும். ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம் அல்லது மூன்றரை நிமிடம்தான் பதியலாம். கச்சேரியில் பத்து நிமிடம் பாடும் கீர்த்தனையையும் அந்த அளவுக்குள் அடக்க வேண்டும். ஆலாபனையைக் குறைப்பார்கள், சரணங்களை விடுவார்கள். கடைசிச் சரணத்தில் முத்திரை இருப்பதால் அதைப் பெரும்பாலும் வைத்துக்கொள்வார்கள். பெரியம்மா வீட்டுக் கிராமபோனில் இருந்தது அந்த இசைத்தட்டுத்தான். அம்மா எதையும் மறக்கவில்லை. ஒரு மூச்சுக்கூடப் பிசகாமல், கேட்டதைக் கேட்டபடி, ஐம்பது வருடம் காப்பாற்றி வைத்திருந்தா. 'நான் படிச்சது இவ்வளவுதான் பிள்ளை' என்று அவ சொன்னது முழு உண்மை. நான்தான் அவவைத் திருத்தினேன்.

அம்மா இல்லாமல் பதினாறு வருடங்களுக்குப் பிறகு அது எனக்குத் தெரியவந்தது. மன்னிப்புக் கேட்க ஆள் இல்லை. பெறாமகள் பயந்து, "என்ன பெரியம்மா, ஏன் அழுறீங்கள்?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நீங்கள் அம்மம்மா மாதிரியே பாடுங்கோ, நான் பதிகிறேன்" என்றாள்.

நான் பாடினேன். எனக்குக் குரல் போய் எவ்வளவோ காலம். இரண்டு இடத்தில் சுருதி விலகியது. சரணம் ஒன்றுதான் பாடினேன். கொப்பியில் அந்தப் பதிவுக்கு 'சிவன் 7' என்று எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பதிவும் மூன்று வீடுகளில் இருக்கிறது.

கடிதம் எழுதிய சகோதரிக்கு இப்போது சொல்கிறேன். பாட்டுக்கு மினைக்கெடுவது பிழையில்லை. கடன் பட்டு ஒன்றும் வாங்க வேண்டாம். பிள்ளையின் கொப்பிக் காசில் கை வைக்கவும் வேண்டாம். அயலில் கேளுங்கள், இரவல் வாங்குங்கள், கையில் மிச்சம் இருக்கும் மாதத்தில் விற்பனையில் உள்ள ஒரு இறுவட்டை வாங்குங்கள். காணியும் வீடும் போனதைப் பதிவு செய்ய எத்தனையோ படிவங்கள் நிரப்பினோம். அப்பாவின் பாட்டுப் பெட்டி போனதற்கு எந்தப் படிவத்திலும் ஒரு வரி இருக்கவில்லை. அது இழப்பில்லை என்று அர்த்தமா? அதை நாமேதான் எழுதி, நாமேதான் திரும்பச் சேர்க்க வேண்டும்.

ஒரு வேலையை இன்றைக்கே செய்யுங்கள். உங்கள் அம்மாவோ மாமியோ இன்னும் இருக்கிறாவா? அவவைப் பாடச் சொல்லிப் பதிந்து வையுங்கள். தாலாட்டோ, ஒப்பாரியோ, தேவாரமோ, சினிமாப் பாட்டோ எதுவானாலும் சரி. பாதியில் மறந்துபோனால் இருக்கட்டும். தயவுசெய்து திருத்த வேண்டாம்.

உங்கள் வீட்டில் இருந்து போன பாட்டுகளைப் பற்றி எனக்கு எழுதுங்கள். யாரிடம் எது இருக்கிறது என்று தெரிந்தால் ஒருவருக்கொருவர் உதவலாம். அடுத்த மாதம் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் அக்கா